ஒலிபெருக்கியின் முனகல்

இரவில் ஊர் அடங்கிய பிறகு, இசைத்தட்டு எதையும் சுழலவிடாமல், இசைச் சாதனத்தை மட்டும் இயக்கி ஒலிபெருக்கியருகே செவி சாய்த்தால், மெல்லிய முனகல் ஒன்று கேட்பதுண்டு. சாதனம் மட்டமானது என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். புதிதொன்று வாங்கவும் புறப்பட்டு விடுகின்றனர். புதியதும் அவ்வாறே முனகுவதைக் கண்டு திகைக்கின்றனர்.

நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. முனகல் என்பது இம்மின்சாரத்தின் குரலேயாகும். ஆயினும் அக்குரல் இரு வகைப்படும். பெருக்கியினுள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தி, ஒவ்வோர் அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால், எஞ்சி நிற்கும் சிற்றலை வினாடிக்கு 100 ஆகிறது. வெளியிலிருந்து கம்பி வழியே புகுவது பெரும்பாலும் 50. இவ்விரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வேற்றுமை உண்டு. இசைப் பயிற்சி உடையவர் கருவியின்றியே இதனைக் கண்டுகொள்வர்.

செவியை நம்பாதவர் வேறு சோதனை செய்யலாம். சாதனத்தை நிறுத்திவிட்டுப் பெருக்கியில் செருகியுள்ள இணைப்புக் கம்பிகளை எல்லாம் கழற்றி, மீண்டும் இயக்கிக் கேட்க வேண்டும். முனகல் நீடித்து, ஒலி அளவுக் குமிழைத் திருகினாலும் மாறாதிருப்பின், குற்றம் பெரும்பாலும் பெருக்கியின் மின்வழங்கும் பகுதியில் உள்ளது. பழைய சாதனங்களில் அங்குள்ள பெரிய மின்தேக்கி உலர்ந்து போயிருக்கும். இதனை மாற்றுவது தேர்ந்த தொழிலாளியின் வேலை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கம்பிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகும்போது, தொலைக்காட்சியையோ கணிப்பொறியையோ இணைத்தவுடன் முனகல் தோன்றுமாயின், அது எர்த் வளையத்தின் விளைவு எனலாம். இரு சாதனங்கள் வெவ்வேறு சுவர்களில் உள்ள மூன்று துளைப் பிளக்குகளில் இணைக்கப்படுகின்றன. அவ்விரு இடங்களின் எர்த் கம்பிகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்த வேற்றுமை இருக்கும். ஒலிக்கம்பியின் மேலுறை இரண்டையும் இணைத்து விடுவதால், அவ்வுறையில் மின்னோட்டம் பாய்ந்து இசையுடன் கலக்கிறது. இரண்டையும் ஒரே பலகையிலிருந்து இயக்கினால் இத்தொல்லை பெரும்பாலும் ஒழியும். அப்படியும் ஒழியாவிடில், ஒலிக்கம்பியின் இடையே பிரிப்பு மின்மாற்றி ஒன்றை வைக்கலாம்.

இங்கே சிலர் குறுக்கு வழி ஒன்றைக் கையாளுகின்றனர். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றி எறிகின்றனர். முனகல் நின்றும் விடுகிறது! இதைவிடப் பேராபத்தான சிக்கனம் வேறில்லை. உள்ளே காப்பு கெட்டு, மின்கம்பி உலோகப் பெட்டியைத் தொடுமானால், பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் எரிந்து போகும். இல்லாதபோது, மெல்லிய ஒலிக்கம்பியின் உறை ஒன்றே நிலத்துக்கு வழி. துடைப்பதற்காகவோ இடம் மாற்றுவதற்காகவோ அக்கம்பியையும் உருவிவிட்டால், அடுத்துத் தொடுகிறவரின் உடலே வழியாகிவிடும். பள்ளிச் சாதனங்களைப் பெரும்பாலும் இயக்குவோர் மாணவர்களே. எனவே பிளக்கில் மூன்றாவது முனை இருக்கிறதா என்று ஆசிரியர் ஒருமுறை பார்த்து விடுதல் நலம்.

இசைத்தட்டுக் கருவியின் நிலை வேறு. அதன் காந்த ஊசிமுனை ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே தரும். குறுந்தகடு இயக்கி தருவதோ 2 வோல்ட். மேலும், தட்டில் அடக்கிப் பதிக்கப்பட்ட தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கி மீண்டும் உயர்த்துகிறது. 1,000 ஹெர்ட்ஸை நோக்க 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 7 மடங்கு உயர்கிறது. முனகலும் அதனுடன் சேர்ந்து உயர்வதில் வியப்பில்லை. மின்மாற்றியுள்ள பெட்டியை ஊசிக்கையிலிருந்து எட்ட வைப்பதே இதற்குச் செலவில்லாத மருந்து.

இனிப் பணம் செலவழிக்கும் வரிசை. கடைகளில் விலையுயர்ந்த மின்வடிகட்டிகள் விற்கப்படுகின்றன. விளக்கொளி குறைக்கும் குமிழ் போன்றவை எழுப்பும் உயர் அலைவெண் கரகரப்பை இவை தணிக்கும். 50 ஹெர்ட்ஸ் முனகலைத் தணிக்கமாட்டா. வழங்கப்படும் மின்சாரமே அதுதான். வடிகட்டி அதனை விட்டாக வேண்டும். பெருக்கியின் திறனை இரட்டித்தாலும் கிடைப்பது 3 டெசிபல், அதாவது செவிக்குச் சிறிதளவே புலப்படும் உயர்வு. ஒலிபெருக்கியை மாற்றினாலோ வேற்றுமை உடனே விளங்கும். அதற்கும் முன்னர் அறையைக் கவனிக்க வேண்டும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு விளங்காத குறையை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பியே எதிரொலிப்பு குறைவதை அளந்தார். வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் கனத்த திரைச்சீலையும் ஜமுக்காளமும் செய்யும் உதவியைப் புதிய பெருக்கி செய்யாது.

பள்ளி மண்டபங்களில் ஒலிவாங்கிக் கம்பி நீளமாக ஓடுவதால் முனகல் எளிதில் ஏறும். அங்கு உறைக்குள் இரு கம்பிகள் கொண்ட சமனிலைக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். இரண்டிலும் ஒரே அளவாக ஏறும் முனகல், பெருக்கியின் வாயிலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மின்விளக்குக் கம்பியைக் குறுக்கிட நேர்ந்தால், பக்கத்தில் இணையாக ஓடவிடாமல் செங்குத்தாகக் கடக்கச் செய்தல் போதும்.