பளபளக்கட்டும் பாத்திரங்கள்!

பெருநாளுக்காகப் பரணிலிருந்து இறக்கிய செம்புத் தேக்சாவும் பித்தளைச் சஹனும் கறுத்துக் கிடக்கின்றனவா? விலையுயர்ந்த பாலிஷ் வேண்டாம். அடுக்களைப் பொருள்களே போதும்.

செம்பு, பித்தளை: புளியுடன் சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்தால், புளியின் அமிலம் கறையைக் கரைத்துவிடும். உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் மீண்டும் கறுக்கும்.

வெள்ளி: பன்னீர்ச் செம்பைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடுமாறு வெள்ளிப் பொருளை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். கறுப்பு நீங்கும், வெள்ளி தேயாது. கல் பதித்த நகைகளுக்கு இம்முறை ஆகாது.

அலுமினியம்: சோடா பட்டால் கறுக்கும். எலுமிச்சைத் தோலை நீரிலிட்டு அப்பாத்திரத்திலேயே கொதிக்கவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தேக்சாவின் உட்புறத்தைச் சாம்பலிட்டுச் சுரண்டாதீர்கள். ஈயப்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அதில் பிரியாணி சமைக்கலாகாது. தயிர், தக்காளியின் புளிப்பில் செம்பு கரைந்து உணவில் கலக்கும். உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். பச்சைக் களிம்பும் நஞ்சே. சுத்தமான வெள்ளீயம் பூசுவித்த பின்னரே அடுப்பிலேற்றுங்கள்.