மும்பையில் தூக்கத்துக்கு எங்கே நேரம்?

மும்பையைத் தூங்காத நகரம் என்பார்கள். ஆனால் இந்த நகரைத் தூக்கிச் சுமக்கும் லோக்கல் ரெயிலே தினமும் தூங்குகிறது. இரவு ஒரு மணி வாக்கில் கடைசி வண்டி ஓய்ந்துவிடும். நாலு மணி வாக்கில்தான் மறுபடி முதல் வண்டி புறப்படும். அந்த இடைவெளியில் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பழுது பார்க்கிறார்கள். அதுவும் போதாமல் ஞாயிற்றுக்கிழமை ‘மெகா பிளாக்’ வேறு. இரும்புக்கே இவ்வளவு ஓய்வு வேண்டியிருக்கிறது.

அதில் பயணம் செய்கிறவர் கதையோ வேறு. டோம்பிவிலியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். கோட்டைப் பகுதியில் ஆபீஸ். வண்டியில் மட்டும் போக வர இரண்டரை மணி நேரம். வீடு வந்து சேர இரவு ஒன்பது. சாப்பாடு, பிள்ளைகளின் பாடம், ஊருக்கு ஒரு போன், கொஞ்சம் டி.வி. என்று படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்கு வருமென்றால் ஐந்துக்கு எழுந்தாக வேண்டும்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதுகூடக் கிடையாது. ஊர் எழுவதற்கு முன் அவர்கள் அடுப்பு எரிய வேண்டும். விடிந்ததும் பாத்திரம் சைக்கிளில் ஏற வேண்டும். எந்த வீடானாலும் கடைசியில் படுத்து முதலில் எழுகிறவள் வீட்டுக்காரிதான். தூக்கம் போதவில்லை என்று அவள் சொல்வதும் குறைவு, சொன்னால் கேட்பவரும் குறைவு.

ஏழு மணி நேரம்

வயது வந்தவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கத்தார் 2015-ல் அறிவித்தார்கள். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியப் படிக்கச் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.

“எனக்கு ஐந்து மணி நேரம் பழகிவிட்டது” என்று சொல்பவர்கள் பலர். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் சிலரை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைத்துச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் அவர்களுடைய கவனம் குறைந்துகொண்டே போயிற்று. ஆனால் அவர்களுக்கோ, தாங்கள் அவ்வளவு மோசமாக இல்லை என்றே தோன்றியது. உடம்பு பழகவில்லை, குறை தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கூட்டலில் தப்பு விழுந்த பிறகுதான் தெரியும். மெஷினில் வேலை செய்பவருக்கு விரலில் தெரியும்.

இரவுத் தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம். இரண்டு மணி முன்னதாக எழுகிறவர் இழப்பது பெரும்பாலும் இந்தப் பின்பகுதியை. வண்டியில் ஜன்னலோரம் கண் மூடுவது களைப்பைச் சற்றுத் தணிக்கும். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் தாணாவில் ஒரு விழிப்பு, குர்லாவில் ஒரு விழிப்பு என்றிருந்தால் முழுச் சுற்று எங்கே வரும்?

கைப்பிடி

ரெயில்வே தூக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்ட இலாகா. லோக்கல் வண்டியின் மோட்டார்மேன் ஒரு கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கண் அயர்ந்து கை தளர்ந்தால் பிரேக் தானே விழும். மின் எஞ்சின்களிலும் டிரைவர் சிறிது நேரம் எதையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு எரியும், பிறகு மணி அடிக்கும், அப்புறம் வண்டி நின்றுவிடும். வெளியூர் போன டிரைவர் படுத்துத் தூங்குவதற்கென்றே ‘ரன்னிங் ரூம்’ உண்டு.

இத்தனை இருந்தும் அடுத்தவர் தூக்கத்துக்கு ரெயில் என்ன செய்யும்? 2001 பிப்ரவரி 28-ல் இங்கிலாந்தில் செல்பி அருகே, முந்தின இரவு தூங்காமல் கார் ஓட்டிய ஒருவர் கண் அயர்ந்தார். கார் சாலையை விட்டுத் தண்டவாளத்தில் இறங்கியது. விரைவு வண்டி அதில் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த நிலக்கரி வண்டியிலும் மோதியது. 10 பேர் இறந்தார்கள். இரவெல்லாம் டாக்சியும் டெம்போவும் ஓட்டும் நம்மவர் வண்டியில் அந்தக் கைப்பிடி இல்லை.

ராத்திரி டூட்டிக்காரர்கள்

காவல் வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் இரவில் நிற்பவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. உடம்புக்குள் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் சூட்சுமத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. பகலில் படுத்தால் நாலைந்து மணியில் விழிப்பு வருவது இதனால்தான். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டலாம். அந்த நேரத்தில் வீட்டார் டி.வி.யை நிறுத்தலாம்.

டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் உள்ள கஃபீன், குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதியளவு உடம்பில் தங்கியிருக்கும். இரவு எட்டு மணி ‘கட்டிங்’ நள்ளிரவிலும் வேலை செய்யும். மருந்துக் கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்குவது ஆபத்து. பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று, பகலெல்லாம் தூங்கி விழுகிறவர் டாக்டரைப் பார்ப்பது அவசியம். அது நோய்.

தண்ணீர் வரும் நேரத்தையோ வண்டி நேரத்தையோ மாற்ற யாராலும் முடியாது. முறையை மாற்றலாம். இன்று தண்ணீர் பிடிக்கத் தகப்பன் எழுந்தால் நாளை மகன் எழலாம், மறுநாள் மகள். அந்த மூன்று நாளும் வீட்டுக்காரி ஆறு மணி வரை படுத்திருக்கட்டும்.