அரிய காருக்கு விலை வைப்பது எது?

2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில், 1962-ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு விளக்கமும் வரும்: உலகத்திலேயே 36 கார்கள்தான் இருக்கின்றன, அதனால்தான் இந்த விலை. கேட்க நியாயமாக இருந்தாலும், இந்த விளக்கத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. 1962 முதல் 1964 வரை செய்த ஜிடிஓக்கள் 36. எழுபதுகளிலும் அதே 36, இன்றும் அதே 36. எண்ணிக்கை அசையவே இல்லை. விலைதான் தலைகீழாக மாறியது. புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். பந்தயங்களில் அதன் காலம் முடிந்ததும், தேய்ந்துபோன பழைய பந்தயக் கார் என்ற அளவுக்கே மதிப்பு இறங்கியது. ஒரு ஜிடிஓவை டெக்சாஸில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து வாங்கியவரிடம் அது பல வருடங்கள் திறந்தவெளியில், டிரெய்லர் மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அன்றைக்கும் அது 36-இல் ஒன்றுதான். அரிதாக இருப்பதே விலைக்குக் காரணம் என்றால், அந்தத் திறந்தவெளியிலும் அது விலை உயர்ந்ததாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே எத்தனை செய்தார்கள் என்பதைவிட, ஏன் அத்தனை மட்டும் செய்தார்கள் என்பதே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். ஜிடிஓவின் பதில் தெளிவானது. ஜிடி வகைப் பந்தயத்தில் ஒரு கார் ஓட வேண்டுமென்றால் 100 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்று அன்று விதி இருந்தது. ஃபெராரி அவ்வளவு செய்யவில்லை. இது ஏற்கெனவே இருக்கும் 250 ஜிடி காரின் மேம்பட்ட வடிவம்தான் என்று வாதாடி அனுமதி வாங்கியது. பந்தயத்தில் ஓட்டக்கூடியவர்களுக்கு எத்தனை தேவையோ அத்தனை செய்தார்கள், நிறுத்திவிட்டார்கள். 1962, 63, 64 மூன்று ஆண்டுகளும் தன் பிரிவில் உலகப் பட்டத்தை அந்தக் கார் ஃபெராரிக்கு வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கார் எந்தப் பந்தயத்தில் யார் கையில் ஓடியது, எங்கே மோதியது, எப்போது என்ஜின் மாறியது என்பதெல்லாம் சேசிஸ் எண் வாரியாகப் பதிவாகியிருக்கிறது. கோடிகளைக் கொட்டுகிறவர் அலுமினியத் தகட்டோடு இந்தப் பதிவையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சேசிஸில் குத்திய எண்ணும் என்ஜினில் குத்திய எண்ணும் தொழிற்சாலை ஏட்டோடு பொருந்துகின்றனவா என்று நிபுணர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது அதனால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தொண்ணூறுகளின் தொடக்கம் நல்ல களம். ஜாகுவார் எக்ஸ்ஜே220, மெக்லாரன் எஃப்1 என்று இரண்டு பிரிட்டிஷ் கார்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே பொருளாதார மந்தத்தில் வெளிவந்தன. இரண்டுமே அப்போது உலகின் மிக வேகமான சாலைக் கார் என்ற பெயரைப் பெற்றவை. ஜாகுவார் தன் மாதிரியை 1988-இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் வைத்தது. 12 சிலிண்டர் என்ஜின், நான்கு சக்கர இயக்கம் என்று சொன்னது. மொத்தம் 350-க்கு மேல் போகாது என்ற வாக்குறுதியோடு 50,000 பவுண்டு முன்பணம் வாங்கியது. வந்த கூட்டத்தில் ஓட்ட விரும்பியவர்களைப் போலவே கைமாற்றி லாபம் பார்க்க வந்தவர்களும் நிறைய. கடைசியில் 1992-இல் கைக்கு வந்த காரில் இருந்தது 6 சிலிண்டர் டர்போ என்ஜின், இயங்கியவை பின் சக்கரங்கள் மட்டும், விலையும் ஏறியிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 300-ஐக்கூட எட்டாமல் தயாரிப்பு நின்றது. சொன்னதைவிடவும் அரிதாகிவிட்ட கார் அது. ஆனாலும் பல ஆண்டுகள் புதிய விலையில் பாதிக்கும் கீழே கிடந்தது.

மெக்லாரனும் 300 செய்யத் திட்டமிட்டு, வாங்க ஆளில்லாமல் 106-இல் நின்றது. புதிதாக அதன் விலை 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. ஆனால் கார்டன் மரே வடிவமைத்த அந்தக் காரில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று எதுவும் இல்லை. ஓட்டுநர் நடுவில், இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு இருக்கைகள். டர்போ இல்லாத பிஎம்டபிள்யூ 12 சிலிண்டர் என்ஜின். அந்த என்ஜின் அறையின் சூட்டைத் தடுக்க உள்ளே ஒட்டியிருப்பது அசல் தங்கத் தகடு. சாலைக்காகச் செய்த காரைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்து 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முதல் முறையாகக் கொண்டுபோனார்கள். எஃப்1 கார்கள் முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களைப் பிடித்தன. 400 கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு எஃப்1, 2021-இல் 2 கோடி டாலரைத் தாண்டி விற்றது. ஓடாத கார்தான் மதிப்பு என்றும் இல்லை. ‘மிஸ்டர் பீன்’ நடிகர் ரோவன் அட்கின்சன் தன் எஃப்1-ஐ வருடக்கணக்கில் ஓட்டி, இரண்டு முறை மோதினார்; அதில் ஒரு முறை பழுதுபார்க்கவே காப்பீட்டு நிறுவனம் 9 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. அதன் பிறகும் 2015-இல் 80 லட்சம் பவுண்டு விலை சொன்னார், விற்றும் போனது.

இன்னும் நேரடியான சான்று ஃபெராரி எஃப்40. 1987-இல் அறிமுகமானபோது 400 செய்வதாகச் சொன்னார்கள். வாங்க ஆள் வந்துகொண்டே இருக்க 1,300-க்கும் மேல் செய்துவிட்டார்கள். எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் இது ஜாகுவாரைவிட மலிவாக இருக்க வேண்டும். இன்று ஏலங்களில் அது ஜாகுவாரைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. நிறுவனர் என்ஸோ ஃபெராரி 1988-இல் மறைவதற்கு முன் அவர் கண்முன்னே வெளிவந்த கடைசிக் கார் என்பது ஒரு காரணம். காரின் அருகில் போனால் இன்னொரு காரணம் தெரியும். எடை கூடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு பெயின்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். கீழே உள்ள கார்பன்-கெவ்லார் துணியின் நெசவு அதன் வழியே தெரிகிறது. உள்ளே கதவைத் திறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். தரை விரிப்பு கிடையாது. மறு பெயின்ட் அடித்த காரில் நெசவு மறைந்துபோகும். அதனால் வாங்க வருகிறவர் முதலில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து அந்த நெசவைத்தான் தேடுகிறார். அந்தக் காரில் எதை எடுத்தாலும், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் உண்டு.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, இதெல்லாம் பணக்காரர்களின் சூதாட்டம், கையில் பணம் புரண்டால் எதையும் வாங்குவார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. 1989 வாக்கில் ஒரு ஜிடிஓ 1 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. ஜப்பானியப் பொருளாதாரக் குமிழி வெடித்து வட்டி ஏறியதும் சில ஆண்டுகளிலேயே 50 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. காரில் எதுவும் மாறாமலே இது நடந்தது. ஏரியில் நீர் ஏறி இறங்கும்போது எல்லாப் படகுகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதுபோல, பணவரத்து எல்லா விலைகளையும் சேர்த்துத் தூக்கும், இறக்கும். ஆனால் எது மேலே, எது கீழே என்ற வரிசையைப் பணவரத்தால் விளக்க முடியாது. விழுந்தபோதும் ஜிடிஓ ஃபெராரிகளின் தலைவரிசையிலேயே இருந்தது. ஊகத்துக்காக மட்டும் வாங்கப்பட்ட கார்கள்தான் விழுந்த இடத்திலேயே வெகுகாலம் கிடந்தன.

மெர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றதை எடுத்துக்காட்டி, இரண்டே கார்கள் என்பதால்தானே என்று கேட்கலாம். ஒன்றே ஒன்று, இரண்டே இரண்டு என்று செய்யப்பட்டு யாரும் சீண்டாத கார்கள் சிறு பட்டறைகளிலிருந்து ஏராளமாக வந்திருக்கின்றன. 1955-இல் லெ மானில் பலர் உயிரிழந்த விபத்துக்குப் பிறகு மெர்சிடீஸ் பந்தயத்தை விட்டு விலகியது. அதனால் பந்தயத்தில் இறங்காமலே போன கார் அது. அதை வடிவமைத்த ரூடால்ஃப் ஊலன்ஹாட் அதைத் தன் அலுவலகக் காராக ஓட்டினார். நின்றுபோன ஒரு பெரும் பந்தயத் திட்டத்தின் கடைசி மிச்சத்துக்குத்தான் அந்த விலை.

இன்றைய நிறுவனங்கள் எண்ணிக்கையையே விற்பனைப் பொருளாக்கிவிட்டன. சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாகச் செய் என்பது ஃபெராரியில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கொள்கை. எஃப்50 கார்கள் 349 என்ற எண் அதிலிருந்து வந்தது. என்ஸோ கார்கள் 399 என்றார்கள், 400-ஆவது போப்பாண்டவருக்குப் போய் 2005-இல் அறச்செயலுக்காக ஏலம் விடப்பட்டது. லாஃபெராரி 499 என்றார்கள், 2016-இல் இத்தாலியின் நிலநடுக்க நிதிக்காக 500-ஆவது வந்து 70 லட்சம் டாலர் திரட்டியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த எண் இயற்கையின் எல்லை இல்லை, மேசையில் எடுத்த முடிவு என்பதையும் அவை காட்டுகின்றன. இந்தக் கார்களும் விலை ஏறித்தானே இருக்கின்றன என்றால், ஏறியிருக்கின்றன. ஜிடிஓவும் எஃப்40-உம் சம்பாதித்த பெயர் அவற்றுக்கு முன்னால் நடக்கிறது. அந்தப் பெயர் இல்லாத நிறுவனம் 99 என்று தகடு அடித்து ஒட்டினால் அது எடுபடுமா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு. எண்ணிக்கையைத் தவிர, பராமரிப்பு என்ற கேள்வியும் இருக்கிறது: மெக்லாரன் எஃப்1-இன் கணினியோடு பேச, தொண்ணூறுகளின் காம்பாக் மடிக்கணினி ஒன்றை அந்த நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. பேட்டரியும் மென்பொருளும் நிறைந்த இன்றைய கார்களை ஐம்பது வருடம் கழித்து யார் உயிரோடு வைத்திருப்பார்கள் என்பதையும் விலையில் கணக்கிட வேண்டும்.

என் வாதத்துக்கு ஆகச் சிறந்த சான்றை ஜாகுவாரே உருவாக்கித் தந்திருக்கிறது. 1963-64-இல் பந்தயத்துக்காக எடை குறைந்த இ-டைப் 18 செய்யத் திட்டமிட்டு, 12-ஓடு நிறுத்தினார்கள். மீதி 6 சேசிஸ் எண்கள் ஏட்டில் அப்படியே நின்றன. 2014-இல் அந்த 6 எண்களை எடுத்து, பழைய முறைப்படி, அதே நிறுவனம் கார்களைச் செய்யத் தொடங்கியது. ஒன்றின் விலை சுமார் 10 லட்சம் பவுண்டு. பழைய 12-இல் ஒன்று 2017-இல் ஏலத்தில் 73 லட்சம் டாலருக்கு மேல் போனது. வடிவம் ஒன்று, உலோகம் ஒன்று, எண் வரிசையும் ஒன்று; 12-ஐவிட 6 குறைவு என்பதால் புதியவைதான் இன்னும் அரிது. அறுபதுகளின் பந்தயத் தடங்களில் ஓடியவை பழைய பன்னிரண்டு மட்டுமே.