ஐ.ஐ.எம். எம்.பி.ஏ. சேர்க்கை: குமரி மாவட்ட மாணவர்களுக்கான விளக்கம்

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் நடத்தும் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் சேர்வதற்கு ‘கேட்’ எனும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் கேட் மதிப்பெண் மட்டுமே சேர்க்கையைத் தீர்மானிப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், பணி அனுபவம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் ஆகியவையும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. தேர்வை நன்றாக எழுதியும் சான்றிதழ், தேதி, விண்ணப்பத்தில் விடுபட்ட ஒரு குறிப்பு ஆகியவற்றால் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஐ.ஐ.எம். கல்கத்தாவும் ஐ.ஐ.எம். அகமதாபாத்தும் 1961-ல் தொடங்கப்பட்டன. பெங்களூரு நிறுவனம் 1973-லும் கோழிக்கோடு நிறுவனம் 1996-லும் உருவாயின. தமிழ்நாட்டின் ஒரே ஐ.ஐ.எம். 2011-ல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இதன் வளாகம் திருச்சி–புதுக்கோட்டை சாலையில் சூரியூரில் உள்ளது. இன்று நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்.கள் உள்ளன.

இந்நிறுவனங்கள் நெடுங்காலம் பட்டயம் மட்டுமே வழங்கி வந்தன. 2017-ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் பட்டம் வழங்கும் உரிமை பெற்றன.

கன்னியாகுமரி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் மிகுந்த மாவட்டம். நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டத்தின் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி எனக் கலை அறிவியல் கல்லூரிகள் பல இங்குண்டு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கு ஐ.ஐ.எம். உரியதல்ல, அது பொறியாளர்களுக்கானது என்ற எண்ணம் மாணவர்களிடையே உள்ளது. அது சரியல்ல.

தகுதி

அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும். குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 விழுக்காடு. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் பட்டப்படிப்பை முடித்ததற்கான சான்றைத் தர வேண்டும். அரியர் பாடம் ஒன்று மீந்திருந்தாலும் கிடைத்த இடம் கையை விட்டுப் போகலாம்.

பல ஐ.ஐ.எம்.கள் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பெண்களுக்கும் தேர்வுப் பட்டியலில் கூடுதல் புள்ளிகள் வழங்குகின்றன. ஒரே துறையினர் நிறைந்த வகுப்பறையில் விவாதம் வளராது என்பது இதற்குக் காரணம். 2013-ல் ஐ.ஐ.எம். கோழிக்கோட்டில் சேர்ந்த எம்.பி.ஏ. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

கேட் தேர்வு

கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறன்று கணினி வழியில் நடைபெறுகிறது. ஏதேனும் ஓர் ஐ.ஐ.எம். முறைவைத்து அதை நடத்துகிறது. தேர்வு நேரம் 120 நிமிடம். பகுதிகள் மூன்று:

1. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும்
2. தரவு விளக்கமும் தர்க்கமும்
3. கணிதம்

ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். விடையைத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்கு இக்கழிவு இல்லை.

கணிதப் பகுதி பெரும்பாலும் பள்ளிப் பாடத்தின் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியலைச் சார்ந்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தடையாக அமைவது முதல் பகுதி. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தத்துவம், வரலாறு, அறிவியல், பொருளாதாரம் என எந்தத் துறையிலிருந்தும் பத்தி வரலாம். இதற்குச் சில வாரப் பயிற்சி போதாது. முதலாம் ஆண்டிலிருந்தே நாள்தோறும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, அதன் கருத்தைத் தமிழிலேனும் நான்கு வரியில் எழுதிப் பார்ப்பவருக்கு இப்பகுதி மெல்ல வசப்படும். அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெர்சன்டைல் என்றால் என்ன

கேட் முடிவில் பேசப்படும் பெர்சன்டைல் என்பது விழுக்காடு அன்று. எழுதியவர்களில் எத்தனை பேரை ஒருவர் முந்தினார் என்பதை அது காட்டுகிறது. 2024-ல் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் தேர்வெழுதினர். அதில் 99 பெர்சன்டைல் பெற்றவருக்கு மேலே சுமார் 2,900 பேர் இருந்தனர் என்று பொருள். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்கத் தேவையில்லை. தெரிந்தவற்றைத் தேர்ந்து பிழையின்றி எழுதுவதே பயன் தரும். மொத்தத்தில் மட்டுமன்றி மூன்று பகுதிகளிலும் தனித்தனியே குறைந்தபட்ச பெர்சன்டைல் வேண்டும். கணிதத்தில் முன்னணியில் நின்று வாசிப்பில் தவறியவருக்கு அழைப்பு வராது.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

விண்ணப்பப் பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. 2025-ல் கட்டணம் 2,600 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300 ரூபாய். எத்தனை ஐ.ஐ.எம்.களைத் தேர்ந்தாலும் கட்டணம் ஒன்றே. ‘நமக்கு அங்கெல்லாம் கிடைக்காது’ என்று சிலவற்றை மட்டும் குறிப்பவர், பின்னர் நல்ல மதிப்பெண் பெற்றாலும் குறிக்காத நிறுவனத்தின் பரிசீலனையில் இடம்பெற மாட்டார். கேட் மதிப்பெண்ணை ஏற்கும் பிற கல்லூரிகளுக்குத் தனியே விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

தேர்வு மையப் பட்டியல் ஆண்டுதோறும் மாறக்கூடும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 80 கிலோமீட்டர். விளவங்கோடு, கல்குளம் பகுதியினருக்குத் திருவனந்தபுரமும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதியினருக்குத் திருநெல்வேலியும் எளிது. விருப்ப நகரங்களை நிரப்பும்போது மாநில எல்லையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காலை அமர்வு கிடைத்தால் முந்தைய நாளே சென்று தங்குவது நல்லது.

சாதிச் சான்றிதழும் குமரி மாவட்டமும்

ஐ.ஐ.எம்.களில் மத்திய அரசின் இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு இடங்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு.

பள்ளியிலும் கல்லூரியிலும் பயன்பட்ட தமிழ்நாடு அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கு செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாகப் பெற வேண்டும். விண்ணப்பதாரர் ‘கிரீமி லேயர்’ எனப்படும் வசதி படைத்த பிரிவில் இல்லை என்பதும் அதில் உறுதிசெய்யப்படும். இதற்கான ஆண்டு வருமான வரம்பு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் சம்பளமும் வேளாண் வருமானமும் இந்த வரம்பில் சேர்வதில்லை. ஆனால் பெற்றோர் அரசுப் பணியில் வகிக்கும் பதவிநிலை தனியே கருத்தில் கொள்ளப்படும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துத் தமக்குத் தகுதியில்லை என்று தாமாகவே விலகிவிடுவது இந்த விதியை அறியாததால் நேர்வது.

குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. அதனால் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சில சாதிப் பெயர்கள் ‘கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்’ என்ற எல்லைக் குறிப்புடன் உள்ளன. மாநிலப் பட்டியலில் உள்ள பெயர் மத்தியப் பட்டியலிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. மத்தியப் பட்டியலில் தம் சாதிப் பெயர் எவ்வாறு உள்ளது, பள்ளி ஆவணத்தில் உள்ள பெயர் அதனோடு பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அவசியம்.

சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் பல நிலைகளைக் கடப்பதால் நாட்களாகும். குறிப்பிட்ட காலத்துக்குள் பெற்ற சான்றே ஏற்கப்படும் என்பதால் பழைய சான்றும் உதவாது. பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது. ஆகவே மே, ஜூன் மாதங்களிலேயே இவ்வேலையைத் தொடங்குவது பாதுகாப்பானது.

நேர்காணல்

கேட் முடிவுக்குப் பிறகு தகுதி பெற்றோர் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர். பல நிறுவனங்கள் சிறு கட்டுரை எழுதும் தேர்வும் வைக்கின்றன. புதிய ஐ.ஐ.எம்.கள் பல இணைந்து ஒரே பொது நேர்காணலை நடத்துகின்றன.

நேர்காணலில் பட்டப்படிப்புப் பாடம், நடப்புச் செய்திகள், எம்.பி.ஏ. படிக்க விரும்புவதன் காரணம் ஆகியவற்றுடன் சொந்த ஊரைப் பற்றியும் கேட்கப்படுவது வழக்கம். விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் எல்லோரும் சொல்லும் பதில். தோவாளை மலர்ச் சந்தையில் ஓணத்தின்போது பூ விலை ஏன் ஏறுகிறது, மாலைக்குள் விற்காத பூவின் விலை என்னவாகிறது என்று விளக்கத் தெரிந்தவர் அழுகும் பொருளின் விலை நிர்ணயத்தைப் பற்றியே பேசுகிறார். ரப்பர் விலை சரியும்போது குலசேகரம் பகுதிச் சிறு விவசாயி பால் வெட்டுவதை நிறுத்துவது ஏன், முப்பந்தல் காற்றாலைகள் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் அமைந்தது ஏன், குளச்சல் மீனவருக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையில் எத்தனை கைகள் உள்ளன ஆகியவையும் அத்தகைய கேள்விகளே. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது குறையாகக் கொள்ளப்படுவதில்லை. தன் ஊரையும் தன் பாடத்தையும் அறியாமல் இருப்பது குறையாகத் தெரியும்.

செலவும் கல்விக் கடனும்

பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. இத்தொகையைக் கேட்டே பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. நிலத்தையோ மகளின் நகையையோ அடகு வைக்காமல் இதைச் சமாளிக்க வழியுண்டு. முன்னணி நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்கு வங்கிகள் ஈடின்றிக் கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோர் ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கும் இடமுண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் உள்ளது. ஐ.ஐ.எம்.களும் வருமான அடிப்படையில் உதவித்தொகை வழங்குகின்றன.

ஈடு இல்லை என்பதால் கடன் இலேசாகிவிடாது. வேலை கிடைத்த பின் மாதத் தவணை பல ஆண்டுகள் தொடரும். எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டணத்தையும், அங்கு முடித்தவர்கள் பெற்ற சம்பளத்தின் நடுமதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வரும் மிக உயர்ந்த சம்பளம் ஒருவர் பெற்றது மட்டுமே.

பிற வழிகள்

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனத்துக்கு ‘சாட்’ தேர்வு எழுத வேண்டும். ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யும் வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும் ‘ஜிமேட்’ மதிப்பெண்ணை ஏற்கின்றன. அவை பெரும்பாலும் சில ஆண்டுப் பணி அனுபவம், கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றையும் கேட்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் குறைந்த செலவில் எம்.பி.ஏ. படிக்க அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’ தேர்வு உதவுகிறது.

முன்னோடிகள்

கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, ஆலையில் வேலை பார்த்தபின் ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் சேர்ந்தார். பின்னாளில் உலகறிந்த மேலாண்மை அறிஞரானார். பெப்சிகோ தலைவராக இருந்த இந்திரா நூயி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்று 1976-ல் ஐ.ஐ.எம். கல்கத்தாவில் படிப்பை முடித்தவர். சென்னை மடிப்பாக்கத்தில் இட்லி விற்று வளர்த்த தாயின் மகன் சரத்பாபு, பிட்ஸ் பிலானியில் படித்து, சில ஆண்டுகள் வேலை செய்து குடும்பக் கடனை அடைத்த பின்னரே அகமதாபாத் சென்றார். 2006-ல் படிப்பை முடித்து, வேலைக்குச் செல்லாமல் உணவு நிறுவனம் தொடங்கினார்.

பட்டம் முடித்த ஆண்டிலேயே சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. கேட் எழுத வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் குறைந்தவர் அதை மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் வெவ்வேறு அளவில் அதைக் கணக்கிடுவதால், தமக்கு ஏற்ற நிறுவனங்களை அறிந்து விண்ணப்பிக்க முடியும். ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் வெளியாகும் அதிகாரப்பூர்வ அறிவிப்பையும் ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்க்கை விதிகளையும் நேரடியாகப் படிப்பதே இதன் முதல் படி.