சிப்பி தேயவில்லை

தோணியில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் உயிர் போகும். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவு போகும் தோணிகளுக்கு மூட்டை எண்ணுவது என் பிழைப்பு. பலகையில் ஏறி இறங்கி, குத்தவைத்துக் கணக்கெழுதி முப்பது வருஷம் ஓடிய பிறகு, வலது முட்டிச்சிப்பிக்குப் பின்னால் ஒரு குடைச்சல். திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்து போய் எழுந்தால் நாலு எட்டு நொண்டித்தான் நடப்பேன். (முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சிப்பி என்ற சொல் மட்டும் எங்கள் முட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

"தேய்மானம்" என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. நானாகவே வலி மாத்திரை வாங்கி மூன்று மாதம் விழுங்கினேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைவிட என் தொடையைத்தான் அதிக நேரம் பார்த்தார். வலது தொடை மெலிந்திருந்தது. "சிப்பி தேயல அண்ணாச்சி, தொடை தளந்துபோச்சு" என்றார்.

முட்டிச்சிப்பி, தொடையின் முன்தசை நாணுக்குள் பதிந்த சில்லு. காலை மடக்கி நீட்டும்போது தொடை எலும்பு நுனியிலுள்ள பள்ளத்தில், கப்பியில் கயிறு ஓடுவதுபோல் ஓடும். தொடையோ இடுப்புத் தசையோ வலுவிழந்தால் அது ஓரமாக இழுபட்டு உரசும். படி இறங்கும்போது அதன்மேல் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு பாரம். ஆழமாகக் குந்தினால் 7 மடங்கு வரைகூட. பலகை என்னைப் படுத்திய காரணம் அன்றுதான் விளங்கியது.

என் அக்காவுக்கு வந்தது வேறு. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 திருவிழா வரை முழந்தாளிட்டு வேண்டுவாள். சிப்பியின் முன்பக்கம் எலுமிச்சம்பழம்போல் வீங்கிவிட்டது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நீர்ப்பையின் அழற்சி. முழந்தாளிடுவதை விட்டு, ஐஸ் வைத்ததும் சில வாரத்தில் வற்றியது. சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும். வாலிபால் ஆடும் அவள் மகனுக்கோ சிப்பிக்குக் கீழே வலி. குதித்துக் குதித்து நாண் நைந்திருந்தது.

சங்கு குளிக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். காற்றுக்குழாயோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்து மேலே வந்த சில மணி நேரத்தில் மூட்டு குத்தினால் அது சிப்பி வலி என்று இருந்துவிடக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகியிருக்கலாம். தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், கடலுக்குள் இறங்கியதைச் சொல்லுங்கள். விழுந்து அடிபட்டு, காலைத் தூக்கவே முடியாதவர்களும் தாமதிக்கக் கூடாது.

எனக்குக் கிடைத்த மருந்து பயிற்சிதான். மல்லாந்து படுத்து, இடது முட்டியை மடக்கி, வலது காலை நீட்டியபடி ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணவேண்டும். இடுப்புக்காக ஒருக்களித்துப் படுத்தும் தூக்கவேண்டும். குந்துவதைக் கொஞ்சகாலம் நிறுத்தச் சொன்னார். நடையை நிறுத்தச் சொல்லவில்லை. சிப்பி திரும்பத் திரும்ப நழுவினாலோ குருத்தெலும்புத் துண்டு உள்ளே சிக்கினாலோதான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்களாம்.

இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள் பலகையில் இறங்கி, கரையில் நின்ற பிறகுதான் வலிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. இப்போதும் காலையில் பாயில் படுத்துக் காலைத் தூக்குகிறேன். பழக்கதோஷம், மூட்டைக் கணக்குப்போல "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ண வருகிறது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி சிரிக்கிறாள்.