உங்களுக்குத் தெரியுமா? – கடுங்குளிரில் டீசல் லாரிக்கு ஏற்ற ஆயில்

கனடாவின் வடபாகத்திலுள்ள யெல்லோநைஃப் நகரில் ஜனவரி மாதத்து உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸையும் தாண்டி இறங்குவது சர்வசாதாரணமாதலால், உறைந்த ஏரிகளின் மீது வைரச் சுரங்கங்களுக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளுக்குத் தக்க என்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது யந்திரத்தின் ஆயுளையே நிர்ணயிக்கும் காரியமாகும். மிதமான சீதோஷ்ணத்தில் குறைவின்றி உழைக்கும் 15டபிள்யூ-40 ரகத் தாது எண்ணெய், அதிலுள்ள மெழுகு அக்குளிரில் திரண்டுவிடுவதால், கேனைக் கவிழ்த்தாலும் பழந்தேனைப்போல் மெல்லத்தான் இறங்கும். ஆயில் பம்பு அதை விரைந்து இழுக்க இயலாத அந்த முதற் க்ஷணங்களில்தான் பேரிங்குகளும் டர்போவும் வறண்டு உராய்ந்து தேய்கின்றன.

ஆயில் ரகங்களை வகுக்கும் எஸ்.ஏ.இ. நியமப்படி, குளிர்ந்த என்ஜினைச் சுழற்றுவதற்கான பாகுத்தன்மை 15டபிள்யூ ரகத்துக்கு மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-லும் சோதிக்கப்படுகிறது.

ரகப் பெயரின் பின்னுள்ள 40 என்ற எண் சூடேறிய ஆயிலின் கனத்தையே குறிப்பதால், 5டபிள்யூ-40 ஸிந்தெடிக் ஆயில் குளிரில் இளகி ஓடுவதோடு, சூட்டிலும் அதே ரகத்துக் கனத்துடன் காவல் நிற்கிறது. விலைக்கு அஞ்சி அதை ஒதுக்குவது தவறான சிக்கனமே. ஆயினும், வாங்குமுன் உங்கள் லாரியின் கையேட்டை அவசியம் பாருங்கள்.