சீதையாக வந்த சிவாஜி

பள்ளி நாடகத்தில் ஆண்வேடம் என்றாலே நாங்கள் மீசை ஒட்ட வெட்கப்பட்டு ஒதுங்குவோம். ஆனால் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவயதில் முதன்முதலாக ஏற்றதே சீதை வேடந்தான்! அந்நாளைய நாடகக் குழுக்களில் சிறுவர்களே பெண்வேடமும் புனைந்தனர்.

அவர் நமக்கு அயலார் அல்லர். 1928 அக்டோபர் 1ஆம் நாள் அவர் பிறந்த விழுப்புரம், அப்போது கடலூரும் சிதம்பரமும் அடங்கிய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பாராட்டிப் பெரியார் சூட்டிய பெயரே 'சிவாஜி'. 1952இல் 'பராசக்தி' படத்தில் திரைக்கு வந்தார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காக 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 1995இல் பிரான்சு நாடு 'செவாலியே' விருதளித்தது. 2001 ஜூலை 21இல் மறைந்தார்.

அதிகம் படிக்காத அவருக்கு நாடக மேடையே பள்ளி. தோழியரே, எவ்வேடம் கிடைப்பினும் இனி வெட்கமின்றி ஏற்போம், மீசையாயினும் சரியே!